இறுதிப் போட்டிக்கு ஏன் இத்தனை கூச்சல்?

கேள்வி: "ஐபிஎல் பிளே ஆஃப் தொடங்கினாலும் சரி, உலகக் கோப்பை அரையிறுதி வந்தாலும் சரி, தொலைக்காட்சியும் நாளிதழும் யூடியூபும் ஒரே குரலில் அலறுகின்றன. இதுவரை ஆடியதெல்லாம் கணக்கிலேயே இல்லை, இனிமேல்தான் ஆட்டமே என்பதுபோல் பேசுகிறார்கள். கிரிக்கெட்டை விரும்புகிற எனக்கே வெறுத்துப்போகிறது. ஏன் இப்படி ஆனது? இந்த எரிச்சல் எனக்கு மட்டும்தானா?"

உங்களுக்கு மட்டும் இல்லை. ஆனால் அந்த எரிச்சலை யார் மேல் காட்டுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வர்ணனையாளரைத் திட்டிப் பயனில்லை. அவர் சம்பளத்துக்குக் கத்துகிறார். இறுதிப் போட்டியையும் நான் குறை சொல்லமாட்டேன். தோற்றால் வெளியே என்கிற ஆட்டத்தின் படபடப்பு உண்மையானது. தொலைக்காட்சி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, 1871-72இல், இங்கிலாந்தின் எஃப்.ஏ. கால்பந்துக் கோப்பை அந்த முறையில்தான் தொடங்கியது. என் குறை வேறு. இந்தக் கூச்சல் ஆட்டத்தை அறிவிப்பதோடு நின்றிருந்தால் ஒலியைக் குறைத்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அது நிற்கவில்லை. எந்த அணி எந்த அணியோடு மோத வேண்டும் என்கிற அட்டவணைக்குள்ளும் புகுந்துவிட்டது. ஆடி முடித்த பிறகு யாரை எதற்காக நினைவில் வைத்துக்கொள்வது என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.

முதலில் காசைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பாதி பதில் அதில் இருக்கிறது. 2023 முதல் 2027 வரையிலான ஐந்து ஆண்டு ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை சுமார் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. 410 ஆட்டங்கள் என்ற கணக்கில் விற்கப்பட்டது. வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 118 கோடி. பத்து அணிகள் ஆடும் இப்போதைய ஐபிஎல்லில் ஒரு பருவத்துக்கு 74 ஆட்டங்கள் என்றால், அதில் பிளே ஆஃப், அதாவது பட்டியலில் முதல் நான்கு இடம் பிடித்த அணிகள் கோப்பைக்காக மோதும் ஆட்டங்கள், வெறும் நான்கு. மீதி 70 ஆட்டங்களில் கணிசமானவை, பட்டியலின் அடியில் கிடக்கும் இரண்டு அணிகள் ஏப்ரல் மாதத்து ஒரு வார நாள் இரவில் ஆடுபவை. அவற்றுக்கும் அதே சராசரி விலைதான் விழுகிறது. அந்த இரவையும் விளம்பரதாரருக்கு விற்றாக வேண்டும். எப்படி விற்பது? "பிளே ஆஃப் வாய்ப்பு" என்ற ஒரே கயிற்றில் எல்லா ஆட்டங்களையும் கட்டிவிட வேண்டியதுதான். ஒவ்வோர் அணியும் ஏழெட்டு ஆட்டம் ஆடி முடிப்பதற்குள்ளாகவே "சென்னை அணி பிளே ஆஃப் போக என்ன செய்ய வேண்டும்?" என்ற தலைப்பு முளைத்துவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். அன்று யார் எப்படிப் பந்து வீசினார்கள் என்று எழுத ஆட்டத்தைப் பார்த்த ஒருவர் வேண்டும். புள்ளி சமமானால் யார் முந்துவது என்று பார்க்கும் நிகர ரன் ரேட் கணக்கு எழுத ஒரு கால்குலேட்டர் போதும்.

இதன் உச்சத்தை 2024 மே 18 அன்று பெங்களூரில் பார்த்தோம். அது லீக் சுற்றின் கடைசிக் கட்டத்து ஆட்டம், அவ்வளவுதான். பெங்களூரு 218 ரன் எடுத்திருந்தது. சென்னை தோற்றாலும் 201ஐத் தொட்டுவிட்டால் ரன் ரேட்டில் உள்ளே போய்விடும். கடைசி ஓவரில் ஜெயிக்க 35 வேண்டும், தகுதி பெற 17 போதும். முதல் பந்தை தோனி 110 மீட்டர் தூரத்துக்கு அடித்தார். பந்து மைதானத்துக்கு வெளியே போனது. அடுத்த பந்தில் கேட்ச் கொடுத்து வெளியேறினார். சென்னை 191இல் நின்றது. எத்தனை ரன்னில் தோற்பது என்பதற்காக இரண்டு அணிகள் மோதிய அந்த விசித்திரம் உண்மையிலேயே விறுவிறுப்பாக இருந்தது, மறுக்கவில்லை. முதல் எட்டு ஆட்டங்களில் ஒன்றை மட்டுமே வென்றிருந்த பெங்களூரு அடுத்தடுத்து ஆறு ஆட்டங்களை வென்று மேலே வந்ததும் சாதாரண விஷயமில்லை. ஆனால் அன்று இரவு கோப்பையையே வென்றுவிட்டதாகத்தான் காட்டினார்கள். நான்கு நாள் கழித்து மூன்றாம், நான்காம் இடத்து அணிகள் மோதும் எலிமினேட்டரில் ராஜஸ்தானிடம் பெங்களூரு தோற்றது. அதே வாய்கள் அதே அணியை "முக்கியமான ஆட்டத்தில் சொதப்புகிறவர்கள்" என்றன. அப்படியானால் மே 18 முக்கியமான ஆட்டம் இல்லையா? மூன்று நாளாக அதை இறுதிப் போட்டிக்கு முந்திய இறுதிப் போட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தது யார்?

வர்ணனை அறையில் ஒருவர்கூட இதைக் கேட்கமாட்டார். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் செய்தியாளர்கள் இல்லை என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். ஆட்டத்தை நடத்துகிற வாரியத்திடமிருந்தோ, அதை விலைக்கு வாங்கிய நிறுவனத்திடமிருந்தோ சம்பளம் வாங்குகிறவர்கள் அவர்கள். 2016 ஐபிஎல் வர்ணனைக் குழுவில் ஹர்ஷா போக்ளேவுக்கு இடமில்லாமல் போனது. 2020இல் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் வாரியத்தின் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். இருவரும் பிறகு மைக் முன்னால் திரும்பி வந்தார்கள் என்றாலும், சுற்றியிருந்தவர்கள் படிக்க வேண்டிய பாடத்தைப் படித்துவிட்டார்கள். மந்தமான ஆடுகளத்தில் மந்தமான ஆட்டம் நடக்கும்போது "இது மந்தமாக இருக்கிறது" என்று சொல்லும் தைரியம் உள்ள வர்ணனையாளரைக் கடைசியாக எப்போது கேட்டீர்கள்?

இனி அட்டவணை. 2007 உலகக் கோப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 17 அன்று இந்தியா வங்கதேசத்திடம் தோற்றது; அதே நாளில் பாகிஸ்தான் அயர்லாந்திடம் தோற்றது. இரண்டு அணிகளும் முதல் சுற்றோடு வீடு திரும்பின. ஏப்ரல் 15 அன்று பார்படாஸில் இந்தியா-பாகிஸ்தான் மோதல் என்று எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருந்த சூப்பர் 8 என்ற இரண்டாம் சுற்று ஆட்டத்தை அயர்லாந்தும் வங்கதேசமும் ஆடின. அயர்லாந்து ஜெயித்தது. விளையாட்டாகப் பார்த்தால் இதைவிட நல்ல செய்தி உண்டா? குட்டி அணிகள் பெரிய அணிகளின் இடத்தைக் களத்தில் பிடுங்கிக்கொண்டன. ஆனால் விளம்பரத்துக்குப் பணம் கட்டியவர்களுக்கு அது இடி விழுந்த மாதிரி.

பதிலடி அடுத்த அட்டவணையிலேயே வந்துவிட்டது. 2011இல் ஏழேழு அணிகளாக இரண்டு பிரிவுகள். எந்த அணிக்கும் குறைந்தது ஆறு ஆட்டங்கள் உறுதி. ஒரு நாள் சறுக்கினாலும் பெரிய அணி வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. 2019இல் மொத்தமே பத்து அணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்பது ஆட்டங்கள். அயர்லாந்துக்கு அதில் இடமே இல்லை. உலகக் கோப்பை என்று பெயர் வைத்துக்கொண்டு உலகத்தைச் சுருக்கிய ஒரே விளையாட்டு இதுவாகத்தான் இருக்கும்.

அதோடு விடவில்லை. 2013 சாம்பியன்ஸ் டிராபி முதல் 2025 சாம்பியன்ஸ் டிராபி வரை, அணிகளைப் பிரிவுகளாகப் பிரித்து நடத்திய ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்) ஆடவர் தொடர்கள் ஒவ்வொன்றிலும் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பிரிவில் இருந்தன. அப்படி ஒன்பது தொடர்கள். நாணயத்தைச் சுண்டினால் ஒன்பது முறையும் தலையே விழ 512இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. தற்செயல் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஐசிசியின் தலைமை நிர்வாகியாக இருந்த டேவ் ரிச்சர்ட்சனே, இந்த இரண்டு அணிகளும் மோதும்படி பார்த்துக்கொள்ள முயல்கிறோம் என்று 2016இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்காக அவரைப் பாராட்டுகிறேன். ஆனால் அதற்குப் பிறகும் பிரிவு அறிவிப்பை ஏதோ விதியின் விளையாட்டுபோல இசை போட்டுக் காட்டுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

2025 பிப்ரவரி இந்தக் கதை முழுவதையும் ஒரே வாரத்தில் காட்டியது. துபாயில் பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை, சாம்பியன்ஸ் டிராபியில் இந்தியா-பாகிஸ்தான். அந்த வாரம் முழுக்கச் செய்தி என்றால் அதுதான்: யார் எந்தப் பந்தில் அவுட் ஆவார், ஜோதிடர் என்ன சொல்கிறார், கோலி வலைப்பயிற்சிக்கு எத்தனை மணிக்கு வந்தார். ஆட்டம் என்னவோ ஒருதலையாக முடிந்தது. இந்தியா ஆறு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது, கோலி சதம் அடித்தார், நல்லது.

அதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை காலை, அகமதாபாத்தில், உள்நாட்டு அணிகள் ஆடும் ரஞ்சிக் கோப்பை அரையிறுதியின் ஐந்தாம் நாள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்காரக்கூடிய மைதானம், ஏறக்குறைய காலி. கேரளா முதல் இன்னிங்ஸில் 457. குஜராத் முந்தின நாள் முடிவில் 7 விக்கெட்டுக்கு 429. ரஞ்சியில் ஆட்டம் டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் முன்னிலை பெற்றவர்களுக்கே அடுத்த சுற்று. ஆகவே குஜராத்துக்கு இன்னும் 29 ரன், கையில் மூன்று விக்கெட். கேரளாவின் சுழற்பந்து வீச்சாளர் ஆதித்ய சர்வதே இரண்டு விக்கெட்டை எடுத்துவிட்டார். கடைசி ஜோடி ஒவ்வொரு ரன்னாக ஒட்டவைத்து 455 வரை வந்தது. இன்னும் இரண்டு ரன் வந்தால் சமன், மூன்று வந்தால் முன்னிலை. அந்த ஜோடியில் ஒருவரான நாக்வாஸ்வாலா பொறுமை இழந்து சர்வதேயின் பந்தை ஓங்கி அடித்தார். பந்து மட்டையாளருக்கு மிக அருகே ஷார்ட் லெக்கில் குனிந்து நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் மோதி, அப்படியே மேலெழும்பி, ஸ்லிப்பில் நின்ற கேப்டன் சச்சின் பேபியின் கைக்கு வந்தது. பவுண்டரிக்குப் போயிருக்க வேண்டிய அடி. இரண்டு ரன் முன்னிலை. கேரளா தன் வரலாற்றில் முதல் முறையாக ரஞ்சி இறுதிக்குப் போனது. அதற்கு முந்திய காலிறுதியில் ஜம்மு-காஷ்மீரைத் தாண்டியதும் ஒரே ஒரு ரன் முன்னிலையில்தான். அந்த ஒரு ரன்னும் இதே சல்மான் நிசார் கடைசி விக்கெட்டுக்கு பேசில் தம்பியோடு சேர்த்த 81 ரன்னின் மிச்சம்.

மலையாள ஊடகங்கள் கொண்டாடின, சரி. மற்ற மொழிகளில்? அந்த ஹெல்மெட் கேட்ச் மட்டும் முப்பது விநாடித் துண்டாக ஓடியது. அந்த மூன்று விக்கெட்டை எடுத்த சர்வதே, பல ஆண்டுகள் விதர்பாவுக்கு ஆடியவர். அந்தப் பருவத்தில்தான் கேரளாவுக்கு வந்திருந்தார். இறுதிப் போட்டியில் எதிரணி யார் தெரியுமா? விதர்பா. ஒரு திரைக்கதை எழுத்தாளன் இதைக் கொண்டுபோனால் நம்பும்படியாக இல்லை என்று தயாரிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார். இத்தனை கதை சும்மா கிடைக்கும்போது, வலைப்பயிற்சிக்கு யார் எத்தனை மணிக்கு வந்தார் என்பதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

கவனியுங்கள், நான் சொன்னதும் தோற்றால் வெளியே என்கிற நாக் அவுட் ஆட்டம்தான். அதுவும் அதிர்ஷ்டத்தால் முடிந்ததுதான். ஐந்து நாள் ஆடி 455 ரன் எடுத்த அணி ஒரு ஹெல்மெட்டால் வெளியேறுவதில் என்ன நியாயம் இருக்கிறது? ஆனால் குஜராத்துக்கு மனத்திடம் இல்லை என்று யாரும் விவாத மேடை போடவில்லை. பெரிய வெளிச்சம் இல்லாத இடத்தில், அதிர்ஷ்டத்தை அதிர்ஷ்டம் என்றே சொல்லிவிட்டுப் போக முடிகிறது.

பெரிய வெளிச்சம் விழுந்த இடத்தில் அது முடிவதில்லை. மோஹித் சர்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் குஜராத் டைட்டன்ஸ் அணிக்கு வலைப்பயிற்சியில் பந்து போடுகிறவராக இருந்தார். இந்தியாவுக்கு ஆடிய ஒருவர், முப்பதைத் தாண்டிய வயதில், மற்றவர்கள் பயிற்சி எடுப்பதற்காகப் பந்து வீசிக்கொண்டிருந்தார். 2023இல் அணியில் இடம் கிடைத்தது. அந்தப் பருவத்தில் 27 விக்கெட். இறுதிப் போட்டிக்கு முந்திய ஆட்டமான இரண்டாவது குவாலிஃபயரில் மும்பைக்கு எதிராக 10 ரன் கொடுத்து 5 விக்கெட். ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டிய இறுதிப் போட்டி மழையால் திங்கட்கிழமைக்குப் போய், மறுபடியும் மழை பெய்து, செவ்வாய் பிறந்த பிறகுதான் சென்னை தன் சேஸிங்கைத் தொடர முடிந்தது: 15 ஓவரில் 171. அந்த ஆட்டத்திலும் ரஹானே, ராயுடு, தோனி மூவரையும் வெளியேற்றியது மோஹித்தான். தோனி சந்தித்த முதல் பந்திலேயே.

கடைசி ஓவர், 13 ரன் வேண்டும். மோஹித் போட்ட நான்கு பந்துகளில் வந்தது மூன்று ரன். நான்கும் காலடியில் விழுந்த பந்துகள்; துபேயாலும் ஜடேஜாவாலும் அவற்றைத் தோண்டி எடுக்கத்தான் முடிந்தது. இன்னும் இரண்டு பந்து, பத்து ரன். அப்போது தண்ணீர் வந்தது; கேப்டன் வந்து பேசினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்தவரை ஏன் நிறுத்தினார்கள் என்று கவாஸ்கர் உள்ளிட்டோர் பிறகு கேட்டார்கள். ஐந்தாவது பந்தும் யார்க்கர்தான், ஆனால் கொஞ்சம் முன்னால் விழுந்துவிட்டது. ஜடேஜா நேராகத் தலைக்கு மேல் சிக்ஸர் அடித்தார். ஆறாவது பந்து கால் பக்கம் போனது, தட்டிவிட்டார், நான்கு. சென்னை ரசிகனாக நானும் அன்று கத்தினேன். ஆனாலும் அந்த ஆறு பந்துகளில் எது சிறந்த வேலை என்று கேட்டால் முதல் நான்கைத்தான் சொல்வேன். இன்று மோஹித் என்றதும் நினைவுக்கு வருவது கடைசி இரண்டு மட்டும். அதே இரவில் குஜராத்துக்காக 47 பந்தில் 96 அடித்தது சாய் சுதர்சன் என்கிற 21 வயதுச் சென்னைப் பையன். தமிழ் வர்ணனையே அந்த இன்னிங்ஸை மறுநாள் காலைக்குள் மறந்துவிட்டது. லீக் சுற்றில் 20 புள்ளியோடு முதலிடத்தில் இருந்தது குஜராத் என்பது இப்போது வினாடி வினாக் கேள்வி.

இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, சலிக்காமல் கேளுங்கள். நான்கு அணிகளும் சம பலம், ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டுவது மாதிரி என்று வைத்துக்கொள்வோம். ஐபிஎல் பிளே ஆஃப் முறையில் முதல் இரண்டு இடத்து அணிகளுக்கு, முதல் ஆட்டத்தில் தோற்றாலும் இன்னொரு ஆட்டம் உண்டு என்பதால், கோப்பை வாய்ப்பு எட்டில் மூன்று. மூன்று ஆட்டங்களையும் வென்றாக வேண்டிய மூன்றாம், நான்காம் இடத்து அணிகளுக்கு எட்டில் ஒன்று. ஆக, லீக்கில் மேலே முடித்ததற்கு இந்த முறை நல்ல மரியாதையே தருகிறது. 2011இல் இதைக் கொண்டுவந்தவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். எலிமினேட்டரிலிருந்து மூன்று ஆட்டங்களையும் வென்று கோப்பையைத் தூக்கியது 2016இல் ஹைதராபாத் மட்டுமே. முறையில் குறை குறைவு. அதை விற்கும் விதத்தில்தான் குறை. லீக்கில் முதலிடம் பிடித்ததே ஒரு பெரிய சாதனை என்று யாரும் சொல்வதில்லை. ஐரோப்பியக் கால்பந்து லீக்குகளில் அதற்குத்தான் கோப்பையே கொடுக்கிறார்கள்.

இன்னொரு கணக்கு. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஜெயிக்க 80 சதவீத வாய்ப்புள்ள ஓர் அசுர அணி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது தொடர்ந்து பதினொரு ஆட்டங்களை வெல்ல வாய்ப்பு ஒன்பது சதவீதத்துக்கும் குறைவு. 2023 உலகக் கோப்பையில் இந்தியா தொடர்ந்து பத்து வென்றது. பதினொன்றாவதான இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. அந்தப் பத்தில் ஒன்று சேப்பாக்கத்தில், இதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, 2 ரன்னுக்கு 3 விக்கெட் போன நிலையிலிருந்து மீண்டு வென்றது. இறுதிப் போட்டியில் நடந்தது என்ன? வறண்ட ஆடுகளம். டாஸ் வென்ற ஆஸ்திரேலியக் கேப்டன் கம்மின்ஸ் முதலில் பந்து வீச முடிவெடுத்தார். பத்து ஓவரில் 80 எடுத்த இந்தியா அடுத்த நாற்பது ஓவரில் அடித்தது நான்கே பவுண்டரி. 240க்கு ஆட்டமிழந்தது. இரவு விளக்கொளியில் ஆடுகளம் சற்று இளகியது. டிராவிஸ் ஹெட் 137 எடுத்து முடித்துவிட்டார். இதில் பேச எவ்வளவு இருக்கிறது! வேகத்தைக் குறைத்து வீசியது, ஃபீல்டர்களை நிறுத்திய இடம், நடு ஓவர்களில் ராகுல் ஏன் அப்படி ஆடினார், வேறு வழி இருந்ததா... ஆனால் மறுநாள் நாம் கேட்டது ஒரே ஒரு பதில்: அழுத்தம். 140 கோடிப் பேரின் எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பை ஆறு வாரமாக ஊதிப் பெருக்கியவர்களே தோல்விக்கு அதையே காரணமாகவும் காட்டினார்கள்.

நாம் தோற்றதால் இப்படிப் பேசுகிறேன் என்று நினைத்தால், 2025 மகளிர் உலகக் கோப்பையைப் பாருங்கள். லீக் சுற்றில் ஆஸ்திரேலியா ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. இந்தியா தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் தோற்று, நான்காவது அணியாகத் தப்பித்து அரையிறுதிக்கு வந்தது. அங்கே 339 ரன் இலக்கை ஜெமிமா ரோட்ரிக்ஸ் 127 ரன்னோடு நின்று முடித்துக்கொடுத்தார். இறுதியில் தென்னாப்பிரிக்காவை வென்று கோப்பை. மகிழ்ச்சிதான், எனக்கும் கண் கலங்கியது. ஆனால் நேர்மையாகக் கேட்டால், அந்தத் தொடரின் மிகச் சீரான அணி எது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியா அரையிறுதிக்குள் நுழைந்த நியூசிலாந்து ஆட்டத்தில் 122 எடுத்தவர் பிரதிகா ராவல். தொடரில் மொத்தம் 308 ரன். அடுத்த ஆட்டத்தில் காயம். அவருக்குப் பதிலாக வந்த ஷஃபாலி வர்மா இறுதிப் போட்டியில் 87 ரன்னும் இரண்டு விக்கெட்டும் எடுத்து நாயகியானார். பிரதிகா சக்கர நாற்காலியில் வந்து கொண்டாட்டத்தில் கலந்துகொண்டார். கேமரா அவரைச் சில விநாடிகள் காட்டியது. அந்தக் கோப்பையில் ஷஃபாலியின் பங்கைவிட அவருடைய பங்கு குறைவு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

"ஒலிம்பிக் ஓட்டப் பந்தயத்தில் ஒரே ஓட்டத்தில்தானே தங்கம் கொடுக்கிறார்கள்?" என்று ஒரு வாதம் உண்டு. 2023 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியில் தோற்ற பிறகு, மூன்று டெஸ்ட் கொண்ட இறுதி இருந்தால் நன்றாயிருக்கும் என்று ரோஹித் சர்மா சொன்னபோது, கம்மின்ஸ் ஏறத்தாழ இதைத்தான் பதிலாகச் சொன்னார். அவர் ஜெயித்திருந்தார், சொல்லலாம். வாதமும் பாதி சரி. இறுதிப் போட்டி என்பது எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விதி. தோற்றபின் முனகுவது அழகில்லை. ஆனால் மூன்றில் இரண்டு என்ற இறுதி கிரிக்கெட்டுக்குப் புதிதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1979-80 முதல் முத்தரப்புத் தொடர்களின் இறுதியை அப்படித்தான் பல ஆண்டுகள் நடத்தினார்கள். 2008இல் இந்தியா அங்கே ஆஸ்திரேலியாவை 2-0 என்று வீழ்த்தியது. டெண்டுல்கர் முதல் ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 117, இரண்டாவதில் 91. அந்த வெற்றியை யாராலும் தற்செயல் என்று தள்ள முடியவில்லை. இன்று அந்த முறை ஏன் இல்லை என்றால், 2-0 என்று முடிந்துவிட்டால் மூன்றாவது நாளுக்கு விற்ற விளம்பரத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. ஒரே இரவு, ஒரே முடிவு என்றால் விலை சொல்வது எளிது.

பெங்களூரைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. 2025 ஜூன் 3 அன்று பெங்களூரு அணி பஞ்சாபை ஆறு ரன் வித்தியாசத்தில் வென்று, பதினெட்டாவது பருவத்தில் முதல் கோப்பையை எடுத்தது. மறுநாள் மாலை சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். உள்ளே கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. அனுமதி, காவல், ஏற்பாடு ஆகியவற்றில் யார் எங்கே தவறினார்கள் என்பது விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. ஊடகத்தின் மேல் அந்தப் பழியைத் தூக்கிப்போடுவது நியாயமில்லை. ஆனால் பதினெட்டு ஆண்டு ஏக்கம், தவம், விமோசனம் என்று இரவு முழுக்கப் பேசியவர்கள், மறுநாள் மாலை திரையின் ஒரு பாதியில் கொண்டாட்டத்தையும் மறு பாதியில் மருத்துவமனை வாசலையும் காட்டியபோது, தங்கள் சொற்களைப் பற்றி ஒரு நிமிடமாவது யோசித்தார்களா என்று எனக்குச் சந்தேகம்.

நீங்கள் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்குப் பயன்பட்டதைச் சொல்கிறேன். ஐபிஎல் இரவு ஆட்டத்துக்கு டாஸ் ஏழு மணிக்கு, முதல் பந்து ஏழரைக்கு. ஏழரைக்குத் திறந்தால் போதும். அதற்கு முந்திய நிகழ்ச்சியில் ஆட்டத்தைப் பற்றி நீங்கள் இழப்பது எதுவும் இல்லை. முடிந்ததும் பரிசளிப்புக்கு முன் அணைத்துவிடுங்கள். மறுநாள் ஸ்கோர் அட்டையை எடுத்து, பதினோராவது ஓவரிலிருந்து பதினைந்தாவது ஓவர் வரை யார் வீசினார், எத்தனை கொடுத்தார் என்று பாருங்கள்; இருபது ஓவர் ஆட்டங்கள் பாதி அங்கேதான் முடிவாகின்றன, கடைசி ஓவர் வரை காத்திருப்பதில்லை. தொடரின் முதல் இரண்டு வாரங்களைத் தவறவிடாதீர்கள். எந்த வீச்சாளர் புதிதாக என்ன கற்றுக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும், பிளே ஆஃப் நேரத்தில் எல்லோரும் அதற்கு மாற்று கண்டுபிடித்திருப்பார்கள். சென்னையில் இருந்தால், குளிர்கால ரஞ்சிப் பருவத்தில் ஒரு நாள் சேப்பாக்கம் போங்கள். ரஞ்சி ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை, எந்த வாசல் திறந்திருக்கிறது என்று மட்டும் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் தொப்பியும் எடுத்துப்போங்கள்.